பதினொரு நிமிட விரல்கள்: டோவர் துறைமுகத்தில் ஒரு திருகோணமலைத் தாயார்

திருகோணமலையில் விசாப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் பயணச்சீட்டு எடுத்துக் கொடுப்பதும் என் தொழில். 2025 ஓகஸ்ட் முதல் 2026 பெப்ரவரி வரை என் மேசையில் இருந்த ஒரு கோப்பைப் பற்றி இங்கே எழுதுகிறேன். குடும்பத்தினர் சம்மதித்திருக்கிறார்கள். பெயர்களையும், அவர்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் விட்டுவிட்டேன்.

துறைமுகத்தில் நான் இருக்கவில்லை. அங்கே நடந்ததை மகள் அவ்வப்போது அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும், தாயார் ஊர் திரும்பியபின் இரண்டு மாலைகள் என் அலுவலகத்தில் உட்கார்ந்து சொன்னவற்றையும் வைத்துக் கோத்திருக்கிறேன். இருவர் சொன்னதும் முரண்பட்ட இடங்களில் செய்தி வந்த நேரத்தையே நம்பினேன். நினைவை விடக் கைப்பேசி நேர்மையானது.

பின்னணி

தாயாருக்கு வயது 67. திருக்கடலூர்ப் பக்கத்தவர், கணவரை இழந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கருவாட்டுத் தொழில் செய்தார். கட்டாவையும் பாரையையும் கீறி, குடல் எடுத்து, உப்பை உள்ளே வைத்துத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மூதூருக்குக் கொண்டுபோய் விற்பார். கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009இல். அதற்கு முன்பு அவர் திருகோணமலையிலிருந்து மூதூருக்கு லோஞ்சில்தான் போவார். போர்க் காலத்தில் அந்த இறங்குதுறையில் அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, உடல் சோதனைக்கு நின்ற வரிசைகளை அவர் மறக்கவில்லை. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

மகள் லண்டனில் இருக்கிறார், பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர். பேரப்பிள்ளைகள் இருவர், 14 வயதுப் பெண்ணும் 9 வயதுப் பையனும். தாயாரின் தம்பி குடும்பம் பாரிஸின் வடக்குப் புறநகரில் வாழ்கிறது. தம்பி மகனுக்குத் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் திருமணம். தாயார் ஜனவரி தொடக்கத்தில் லண்டன் சென்று மகளுடன் தங்குவது, திருமணத்துக்கு எல்லோரும் சேர்ந்து பாரிஸ் போவது, ஒரு வாரத்தில் லண்டன் திரும்புவது, மாசியில் ஊர் வருவது என்று முடிவு செய்தார்கள். மருமகனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. ஆகவே பாரிஸ் பயணத்துக்குத் தாயார், மகள், பிள்ளைகள் இருவர் என நான்கு பேர்.

கேட்பதற்குச் சாதாரணமான பயணம்தான். இடையில் ஆங்கிலக் கால்வாய் இருந்தது. அதைக் கடக்கும் எல்லையில் 2025 ஒக்டோபர் 12ஆம் திகதி முதல் புதிய முறை ஒன்று தொடங்கியிருந்தது.

புதிய முறை, சுருக்கமாக

ஐரோப்பாவின் 29 நாடுகள் தங்கள் வெளி எல்லையில் கடவுச்சீட்டுக்கு முத்திரை குத்துவதை விட்டு, வெளிநாட்டவரின் முகப் படத்தையும் விரலடையாளத்தையும் கணினியில் பதிந்து, வந்த நாளையும் போன நாளையும் அதிலேயே குறிக்கத் தொடங்கின. 2026 ஏப்ரல் 10இல் முழுமையாவதாக அப்போது திட்டம். இடைப்பட்ட ஆறு மாதமும் பழைய முத்திரை, புதிய பதிவு இரண்டும் சேர்ந்தே ஓடின. குறுகிய காலம் தங்க வரும் ஐரோப்பிய ஒன்றியத்தவர் அல்லாத எவருக்கும் இது பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிற்றுக்குப் பிறகு பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரரும் அந்த வரிசையில்தான்.

எங்கள் குடும்பத்தில் நால்வருக்கும் ஒரே விதி இல்லை. மகளும் மூத்த பிள்ளையும் விசா தேவைப்படாதவர்கள். அவர்களிடம் முகப் படமும் வலக்கையின் நான்கு விரல்களும் எடுக்கப்படும். 12 வயதுக்குக் குறைந்த பையனுக்கு முகப் படம் மட்டும். தாயார் இலங்கைக் கடவுச்சீட்டில், அந்த 29 நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவோடு போகிறவர். அவருடைய பத்து விரல்களும் விசா எடுக்கும்போதே கொழும்பில் பதிவாகி, விசாவுக்கான தனித் தரவுத்தளத்தில் இருக்கின்றன. எல்லையில் அவரிடம் புதிதாக விரலடையாளம் வாங்கிச் சேமிப்பதில்லை. வந்து நிற்பவர் விசா வாங்கிய அதே ஆள்தானா என்று விரலை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. டோவரில் கப்பல் ஏறுமுன்பே, இங்கிலாந்து மண்ணிலேயே, பிரெஞ்சு எல்லைப் பொலிசார் சோதனையை முடித்துவிடுவார்கள். இரு நாடுகளும் 2003இல் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. எதிர்க்கரையான கலேயில் அதேபோலப் பிரித்தானியர் சோதிப்பார்கள். ஆகவே எல்லையில் வரும் தாமதம் கப்பலுக்கு முன்னால் வருகிறது. விமானத்தில் இறங்கியபின் வரிசையில் நின்றால் கால் வலிக்கும், அவ்வளவுதான். இங்கே நின்றால் கப்பல் போய்விடும்.

டோவரில் இடமும் இல்லை. பின்னால் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, முன்னால் கடல், நடுவில் துறைமுகம். அதனால் முதலில் பஸ், லொறிப் பயணிகளுடன் தொடங்கி, கார்களைப் பின்னுக்குத் தள்ளினார்கள். பஸ் பயணிகளை மேற்குத் துறையில் இறக்கிப் பதிந்து, மறுபடி ஏற்றி, யாரும் ஏறி இறங்காதபடி பஸ்ஸை முத்திரையிட்டுக் கிழக்குத் துறைக்கு அனுப்பும் ஏற்பாடு.

அவதானித்தவை: வவுனியாவிலும் கொழும்பிலும்

2025 ஓகஸ்டில் தாயார் புதிய கடவுச்சீட்டுக்காக ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா போனார். 2015 முதல் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் விரலடையாளம் கொடுக்க வேண்டும். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: “தம்பி, என் விரலில் எழுத்தே இல்லையாம்.”

கருமபீடத்தில் இருந்த பெண் கண்ணாடியைத் துடைத்து, விரலைத் துடைத்து, மூன்று முறை வைக்கச் சொல்லி எடுத்திருக்கிறார். வேலை முடிந்தது. நான் அதைக் கோப்பில் எழுதவில்லை. சிரித்துவிட்டு விட்டேன்.

ஒக்டோபரில் கொழும்பில் இரண்டு விசாவுக்கும் இரண்டு நாட்களில் நேரம் எடுத்திருந்தேன். இரவு ரயிலில் போனார்கள். துணைக்கு அவருடைய அக்கா மகன். பிரித்தானிய விசாவுக்கு விரல் பதிவானது, தாமதித்து. ஷெங்கன் விசாவுக்கு வலக்கைச் சுட்டுவிரலும் பெருவிரலும் திரும்பத் திரும்ப மங்கலாகவே வந்தன. கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். நான்காவது முறையில் ஏற்றுக்கொண்டார்கள்.

அவர் அலுவலகத்துக்கு வந்தபோது அந்தக் கையை முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். பெருவிரலில் குறுக்கே பழைய கத்திக் கீறல் ஒன்று, வெள்ளைக் கோடாக. சுட்டுவிரல் நுனி மெழுகு பூசியது போல வழுவழுப்பு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, சிமிழைத் திறந்து, அதே சுட்டுவிரலால் சுண்ணாம்பைத் தொட்டு இலையில் தடவினார். முப்பது ஆண்டு உப்பு ஒரு பக்கம், ஐம்பது ஆண்டுச் சுண்ணாம்பு மறுபக்கம். சீமெந்து, சுண்ணாம்பு, உப்பு ஆகியவற்றோடு புழங்குகிறவர்களின் விரல்ரேகை தேய்வது புதிய சேதி இல்லை. வயதானால் தோல் வறண்டு ரேகை மேலும் மங்கும். சுண்ணாம்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பங்கு பிரிக்க நான் மருத்துவன் இல்லை.

விசா நவம்பரில் கிடைத்தது. டித்வா புயல் வந்த வாரம் என்பதால் கடவுச்சீட்டுப் பொதி ஊர் வந்து சேர மேலும் சில நாட்கள் ஆனது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு பஸ். லண்டன் விக்ரோரியாவிலிருந்து டோவர், கப்பலில் கலே, அங்கிருந்து பாரிஸ் பேர்சி. சுரங்க ரயிலில் அந்த வார இறுதிக்கு நால்வருக்கு வந்த விலையைப் பார்த்து மகள் வேண்டாம் என்றார். தாயாரோ கொழும்பிலிருந்து போன விமானத்தில் காது வலியில் அழுதிருந்தார். பெட்டியில் பலகாரமும் இருந்தது. பஸ் எல்லாவற்றுக்கும் ஒத்துவந்தது. முடிவு குடும்பத்தினுடையது, பரிந்துரை என்னுடையது.

இரண்டாவது, நாள். திருமணம் ஞாயிறு. வெள்ளிக்கிழமை காலை 9:30க்குப் புறப்படும் பஸ். 13:30 கப்பல். பிரான்ஸ் நேரப்படி இரவு 19:45க்குப் பாரிஸ். அன்றிரவே தம்பி வீட்டில் பலகாரச் சூடு. அதை முன்னின்று நடத்த வேண்டியவர் தாயார்தான். பயற்றம் பணியாரத்துக்கு மாவின் பதம் சொல்ல அந்தக் குடும்பத்தில் வேறு ஆள் இல்லை. வியாழன் போகலாமே என்று மகள் ஒருமுறை கேட்டார். பிள்ளைகளின் பாடசாலை ஒரு நாள் கூடுதலாகப் போகும் என்று நானே தடுத்தேன். கால அட்டவணை சரியாகப் பொருந்தியது. பொருந்தியதைப் பார்த்து மகிழ்ந்தேன். எல்லாம் பொருந்துகிற அட்டவணையில் மூச்சுவிட இடம் இருக்காது என்பது அன்று உறைக்கவில்லை.

மூன்றாவது, விரல். இரண்டு முறை எச்சரிக்கை கிடைத்துவிட்டதால் என் கவனம் முழுவதும் இதிலேயே குவிந்தது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சிறு குறிப்பு ஒன்று தயாரித்தேன்: இவர் நீண்ட காலம் உப்பு மீன் தொழில் செய்தவர், விரல்ரேகை மங்கியுள்ளது, விசாவின்போது பலமுறை முயன்றே எடுக்கப்பட்டது. விரலடையாளம் கொடுக்க உடல் ரீதியாக முடியாதவர்களுக்கு ஐரோப்பியச் சட்டம் விலக்கு தருகிறது. ஆனால் தாயாரின் விரல்கள் பதிவானவை. ‘முடியாதவர்’ அல்லர், ‘சிரமப்படுபவர்’. அந்த நடுத்தரத்துக்குச் சட்டத்தில் தனிப் பெயர் இல்லை. குறிப்புக்கு அதுவே காரணம்.

அதோடு நின்றிருக்கலாம். நான் தாயாரிடம், “அம்மா, தினமும் இரவு கைக்கு எண்ணெய் பூசுங்கள், விரல் விழாவிட்டால் எல்லாம் நின்றுவிடும்” என்றேன். அவர் லண்டன் போனபின்பும் தொலைபேசியில் இரண்டு தடவை நினைவூட்டினேன். அக்கறை என்றுதான் நினைத்தேன்.

துறைமுகத்தில்

பஸ் நேரத்துக்குப் புறப்பட்டது. தாமதமின்றி 12:05க்கு மேற்குத் துறையில் நின்றது. திருகோணமலையில் அப்போது மாலை 5:35. நான் அலுவலகத்தைப் பூட்டப் போகும் நேரம்.

12:11. மகளின் செய்தி: “அண்ணா, எங்களுக்கு முன்னால் இரண்டு பஸ் நிற்கிறது. இறங்க வேண்டாம் என்கிறார்கள்.”

12:40. “இன்னும் பஸ்ஸுக்குள்தான். கப்பலுக்கு எத்தனை மணிக்குள் பதிய வேண்டும்?”

பஸ்கள் 12:45க்குள் கிழக்குத் துறையில் பதிந்தாக வேண்டும் என்று பயணச்சீட்டில் இருந்தது. அதை அவருக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. பார்த்துக்கொள்வார்கள் என்று மட்டும் எழுதினேன். உண்மையில் 12:45க்கு, நால்வரில் ஒருவரும் பஸ்ஸை விட்டு இறங்கு முன்பே, அவர்களுடைய கப்பல் கைவிட்டுப் போய்விட்டது.

13:45க்கு இறங்கச் சொன்னார்கள். அந்த நூறு நிமிடமும் பஸ்ஸின் வெப்பமூட்டி ஓடிக்கொண்டிருந்தது, தோல் வறண்டது. தாயார் கைப்பையில் இருந்த தேங்காய் எண்ணெய்ச் சிறு போத்தலை எடுத்து இரண்டு கையிலும் பூசிக்கொண்டார். இறங்குமுன் இன்னொரு முறை பூசிக்கொண்டார். நான் சொன்னதைத்தான் செய்தார். நான் சொன்னதை விட நன்றாகவே செய்தார்.

உள்ளே பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரர்களைப் பதிவு இயந்திரங்களின் பக்கம் அனுப்பினார்கள். விசாவோடு வந்த சிலரை நேரே அதிகாரிகளின் கருமபீடத்துக்கு. குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மகள் தாயாரோடு போகக் கேட்டபோது, உங்கள் பதிவை முடித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். மூத்த பிள்ளை நான்கு விரலையும் வைத்து ஒரு நிமிடத்தில் முடித்தாள். பையனுக்குக் கமராவுக்கு ஏற்ற உயரம் போதவில்லை. தாய் தூக்கிப் பிடிக்க, தாயின் முகமும் படத்துக்குள் வர, மறுபடி எடுத்தார்கள்.

தாயார் கருமபீடத்துக்கு வந்தது 14:08 அளவில். அதிகாரி இளைஞர். கடவுச்சீட்டை வாங்கி, விசாவைப் பார்த்து, கண்ணாடியைக் காட்டினார். தாயார் வலக்கை நான்கு விரலையும் வைத்தார். எடுத்தபோது கண்ணாடியில் நான்கு எண்ணெய்ப் பொட்டு. இயந்திரம் ஏற்கவில்லை. அதிகாரி துடைத்தார். மறுபடி வைத்தார். மறுபடி பொட்டு. அதிகாரி ஏதோ கேட்டார், பிரெஞ்சா ஆங்கிலமா என்றுகூடத் தாயாருக்குத் தெரியவில்லை. பதிலுக்கு அவர் பையைத் திறந்து கல்யாண அழைப்பிதழை எடுத்து நீட்டினார். அந்த வரிசையில் அதற்குமேல் தெளிவான பதில் எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மகள் தன் பதிவை முடித்துக்கொண்டு ஓடிவந்து, என் குறிப்பைக் கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதிகாரி வாசித்துவிட்டு, மென்காகிதம் ஒன்றை எடுத்து அவருடைய விரல்களைத் தாமே ஒவ்வொன்றாகத் துடைத்தார். “உள்ளங்கையைப் பிடித்துத் துடைத்தான் தம்பி, சின்னப் பிள்ளைக்குச் சோறு தின்றபின் துடைப்பது போல” என்று தாயார் சொன்னார். பிறகு அதிகாரி அவருடைய விரலின் மேல் தன் கையை வைத்து மெதுவாக அழுத்தினார். மூன்றாவது முறை ஒத்துப்போனது. முகப் படம், இரண்டு கேள்வி, பிரான்ஸ் மாநகர சபையில் தம்பி எடுத்திருந்த தங்குமிடச் சான்று, முத்திரை. 14:19.

பதினொரு நிமிடம்.

14:40க்குக் கடைசிப் பயணி பஸ்ஸுக்குத் திரும்பினார். 15:45 கப்பலில் இடம் கிடைத்தது. பாரிஸ் பேர்சியில் இறங்கியபோது இரவு 22:00. வீடு சேர 22:50. பலகாரச் சூடு முடிந்து, அடுப்பு அணைந்து, வந்தவர்கள் கலைந்துவிட்டார்கள். பயற்றம் பணியாரம் உடைந்து போயிருந்ததாக எல்லோரும் ஒருவாய்ப்படச் சொன்னார்கள். அது தாயாருக்கு ஓரளவு ஆறுதலாகவும் இருந்திருக்கிறது.

பின்தொடர்ந்தது

திருமணத்துக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் தாயார் அந்த வாரம் முழுவதும், “என்னால்தான் கப்பல் போனது” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். காரணம் உண்டு. பஸ்ஸுக்குத் திரும்பியபோது முன்னிருக்கைக்காரர் ஒருவர் அவரைத் திரும்பிப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தாராம். மற்றவர்கள் வரிசை நகராததைக் கண்டார்கள். வரிசையின் முனையில் ஒரு கிழவி கண்ணாடியில் கை வைத்து வைத்து எடுப்பதையும் கண்டார்கள். இரண்டையும் முடிச்சுப் போட அதுவே போதும்.

செய்திகளின் நேரங்களை அடுக்கிப் பார்த்தபோதுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. திறந்திருந்தவை நான்கு கருமபீடம் என்று மகள் எழுதியிருந்தார். ஒரு பஸ்ஸில் ஏறக்குறைய ஐம்பது பேர். ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒரு பஸ் 25 நிமிடத்தில் முடியும். முதல் பதிவு என்பதால் ஒருவருக்கு நான்கு நிமிடம் ஆனால் 50 நிமிடம். முன்னால் இரண்டு பஸ் நின்றால் நூறு நிமிடம். இவர்கள் பஸ்ஸுக்குள் காத்திருந்ததும் சரியாக நூறு நிமிடம். தலைக்கு இரண்டு நிமிடம் கூடியதே காத்திருப்பை இரட்டிப்பாக்கியது. அது எவர் கண்ணுக்கும் தெரியாது.

தாயாரின் பங்கு? மற்றவர்களுக்கு நான்கு நிமிடம் என்று கொண்டால் அவர் கூடுதலாக எடுத்தது ஏழு. அவர் நின்றபோது மற்ற மூன்று கருமபீடமும் ஓடிக்கொண்டிருந்தன. ஏழை நான்கால் வகுத்தால் பஸ்ஸுக்கு அவரால் வந்த தாமதம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அதுவும் கப்பல் தவறி ஒன்றரை மணி நேரத்துக்குப் பின் வந்த இரண்டு நிமிடம். விரல் நுனியில் ரேகை செழித்திருந்தாலும் அவர்கள் 15:45 கப்பலில்தான் போயிருப்பார்கள்.

அந்தப் பதினொரு நிமிடத்திலும் பாதிக்கு மேல் எண்ணெய் தின்றது. கைக்கு எண்ணெயோ களிம்போ பூசுவது பல நாட்களுக்கு முன்பிருந்து செய்தால் தோலை மென்மையாக்கி உதவும். கண்ணாடியில் வைக்கும் நேரத்தில் இருந்தால் ரேகையின் பள்ளங்களை நிரப்பிவிடும். “அன்று காலை பூச வேண்டாம்” என்ற நான்கு சொல்லை நான் சொல்லவில்லை. நான் முழு மூச்சாக ஆயத்தம் செய்தது தாமதத்தின் மிகச் சிறிய துண்டுக்கு. பெரிய துண்டுக்கு, அதாவது வரிசைக்கு, ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. பழி மட்டும் அந்தச் சிறிய துண்டின் சொந்தக்காரருக்குப் போனது. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி மகளுக்கு அனுப்பினேன். அவர் தாயாருக்கு வாசித்துக் காட்டினாராம். தாயார் நம்பினாரா என்று கேட்டேன். “பாதி நம்பினார்” என்று பதில் வந்தது.

திரும்பும் வழி

அடுத்த வெள்ளி கலே. இந்த முறை அன்று போக வேண்டிய இடம் வீடு மட்டும். தாயாருக்கு நான் தொலைபேசியில் சொன்னது ஒன்றுதான்: எண்ணெய்ப் போத்தலைப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். மகள் தன் பங்குக்குச் சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கையில் கொடுத்து, உள்ளங்கையால் பிடித்தபடி இருக்கச் சொன்னார். சூடான கை, உலர்ந்த விரல். பிரெஞ்சு வெளியேற்றச் சோதனை இரண்டு நிமிடம். வந்த பதிவு ஏற்கெனவே இருந்ததால் முகத்தைப் பார்த்து முடித்தார்கள். அதை அடுத்துப் பிரித்தானியக் கருமபீடம். பஸ்ஸுக்கு மொத்தம் ஒரு மணி நேரம் ஆனது. கப்பலில் ஏறித் தேநீர் குடித்திருக்கிறார்கள்.

ஊர் வந்தபின் தாயார் கேட்ட கேள்வி எனக்கு முக்கியமாகப் பட்டது: “என் கையை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்?” விசாவோடு சேர்ந்த விரலடையாளம் ஐந்தாண்டு. எல்லைப் பதிவும் முகப் படமும் மூன்றாண்டு. வெளியேறிய பதிவு இல்லாமல் போனால் ஐந்து. சொன்னேன். சிறிது நேரம் யோசித்தார். மூதூர் லோஞ்சுக்குப் போகும்போது அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள், கொடுத்ததும் ஒரு நிம்மதி வரும் என்றார். இங்கே எதையும் வாங்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. அதுதான் ஒரு மாதிரி இருந்தது என்றார். முத்திரையிட்ட பஸ்ஸில் யாரும் இறங்கக் கூடாது என்றபோது மட்டும் தனக்குப் பழக்கமான இடத்துக்கு வந்தது போல் இருந்ததாம்.

மறுபடி செய்தால்

நாளை மாற்றுவேன். கப்பல் கடக்கும் நாளும் தலை காட்டியே ஆக வேண்டிய நிகழ்ச்சியும் ஒரே நாளில் வரக் கூடாது. இடையில் ஒரு முழு இரவு வேண்டும். வியாழன் போகலாமே என்று மகள் கேட்டது சரி. பிள்ளைக்கு ஒரு நாள் பாடசாலை போவது பெரிய நட்டம் என்று முடிவு செய்ய நான் யார்?

பஸ்ஸா வேறு வழியா என்பதை விலையை மட்டும் வைத்துப் பார்க்க மாட்டேன். விமான நிலையத்தில் ஒருவருடைய விரல் விழாவிட்டால் அவர் தாமதிப்பார். பஸ்ஸில் ஐம்பது பேரும் ஒரே முடிச்சு. எல்லோரும் முடித்தால்தான் சக்கரம் உருளும். வயதானவர் ஒருவரை அந்த முடிச்சுக்குள் அனுப்பும்போது மற்ற நாற்பத்தொன்பது பேரின் பார்வையையும் சேர்த்தே அனுப்புகிறோம். இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு வழியும் இருந்தது: கொழும்பிலிருந்து நேரே பாரிஸ் வந்து, திருமணத்தை முடித்துக்கொண்டு, லண்டன் போவது. இரண்டு விசாவும் கையில் இருந்தன. அந்த ஒழுங்கு எனக்குத் தோன்றவே இல்லை. மகள் லண்டனில் இருப்பதால் லண்டன்தான் முதல் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

குறிப்புத் தாளை வைத்துக்கொள்வேன். அது உதவியது, ஆனால் கோப்புக்குள் வைக்காமல், கடவுச்சீட்டின் உறைக்குள், அவர் தாமே எடுத்து நீட்டக்கூடிய இடத்தில் வைப்பேன். மகள் பக்கத்தில் இருப்பார் என்று நினைத்துச் செய்த ஏற்பாடு, கதவில் நுழைந்ததுமே குலைந்தது.

அலுவலகத்தில் ஒரு விரலடையாளக் கருவி வாங்கி வைத்து முன்கூட்டியே சோதித்துப் பார்க்கலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். செய்யப் போவதில்லை. ஊராரின் விரலை என் கணினியில் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு புறம், எனக்கே அது பிடிக்கவில்லை என்பது மறுபுறம். கையைப் பார்த்தாலே போதும். வவுனியாவில் என்ன நடந்தது, கொழும்பில் எத்தனை முறை வைத்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டால் போதும். இப்போது என் படிவத்தில் அதற்கு ஒரு வரி இருக்கிறது.

தாயார் வெற்றிலையை விடவில்லை. சுண்ணாம்பை மட்டும் ஈர்க்கால் தொட்டுத் தடவுகிறார்.

சென்ற வாரம் சாம்பல்தீவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். லண்டனில் மகன், ஜெர்மனியில் பேத்தியின் சாமத்திய வீடு, இடையில் அதே டோவர். ஐயா நாற்பது ஆண்டு மேசன் வேலை செய்தவர். யார் சொல்லி அனுப்பினார்களோ தெரியவில்லை, நான் கேட்குமுன்பே இரண்டு உள்ளங்கைகளையும் என் மேசையில் விரித்து வைத்தார். கையை எடுங்கள் ஐயா, முதலில் சாமத்திய வீடு எந்தத் திகதி என்று சொல்லுங்கள் என்றேன்.